பெரியம்மாவுக்காக உங்கள் குரல் வேண்டும்

ரங்கூனிலிருந்து எழுதுகிறேன், எல்லோருக்கும் தோத்திரம். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மாந்தலேயில் வீட்டை இழந்த பெரியம்மா இப்போது எங்களோடு இருக்கிறார். கண்ணில் புரை. தலையணைக்கடியில் இருக்கும் தமிழ் வேதாகமத்தைத் திறந்தால் இன்னும் செங்கல் தூசி உதிர்கிறது. துடைக்க விடமாட்டார்.

ராத்திரி லாரி போய்க் கட்டில் லேசாக ஆடினாலும் எழுந்து உட்கார்ந்து, "யாராவது வாசிங்கப்பா" என்பார். பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது, பர்மிய எழுத்துதான். நான் வாசித்தால் சங்கீதம் ரேஷன் லிஸ்ட் மாதிரி இருக்கிறதாம்!

உங்களில் யாராவது நிதானமாக வாசித்து அனுப்புவீர்களா? 46ஆம் சங்கீதம், ரோமர் 5, 8 அதிகாரங்கள், 1 கொரிந்தியர் 13. பழைய மொழிபெயர்ப்பாக இருக்கட்டும், அவருக்கு மனப்பாடம் அதுதான். 46ஐப் பகலில் மட்டும் போடுவோம். "பூமி நிலைமாறினாலும்" என்ற இடத்தில் கை நடுங்குகிறது. ரோமர் 5தான் அவருக்குப் பிடி: "அந்த நம்பிக்கை நம்மை வெட்கப்படுத்தாது". அதற்குக் காரணமாகப் பவுல் சொல்வது நம் மனத்திடத்தை அல்ல, இருதயத்தில் ஊற்றப்பட்ட தேவ அன்பை. இதை எனக்கு விளக்கியதே பெரியம்மாதான்.

இங்கே கரண்ட் வந்து போகும், நெட்டும் அப்படித்தான். அதனால் வீடியோ வேண்டாம், ஐந்து நிமிடத்துக்குள் சின்னச் சின்ன ஆடியோவாக அனுப்புங்கள். நிலநடுக்கம் தண்டனை என்கிற பிரசங்கமும் தயவுசெய்து வேண்டாம். அதை ஒருவர் நேரிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்று பெரியம்மா சாப்பிடவில்லை.

பெண் குரல் என்றால் ரொம்ப சந்தோஷப்படுவார். ஆரம்பத்தில் உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள், கட்டாயம் கேட்பார்.