உதவி: ட்ராக்-பி ஏற்பிப் புரதம் வெயிலில் கெட்டுவிட்டதா? ஜெல்லில் 66-இல் தடித்த பட்டை, எலைசாவில் நிறமே இல்லை

நிலாவெளி மாணவி
வணக்கம். திருகோணமலையில் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் இறுதியாண்டு ஆய்வு செய்கிறேன். மூளை வளர்ச்சிக் காரணியான பிடிஎன்எஃப், ட்ராக்-பி ஏற்பியில் ஒட்டுவதை வல்லாரைச் சாறு மாற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காக மனித ட்ராக்-பியின் வெளிப்பகுதியை மனித ஆன்டிபாடியின் (ஐஜிஜி) வால் பகுதியான எஃப்சியோடு இணைத்துச் செய்த மறுசேர்க்கைப் புரதம் 50 மைக்ரோகிராம் வாங்கினோம்.

கொழும்பிலிருந்து ரெஜிபோம் பெட்டியில் வந்தது. கச்சான் காற்று அடிக்கிற நாள், திறந்தபோது ஐஸ் பேக் முழுக்கத் தண்ணீர். அரை மில்லிலீட்டர் பிபிஎஸ் உப்புக் கரைசலில் கரைத்தேன். புரதங்களை எடைப்படி பிரிக்கும் ஜெல்லில் 71 கிலோடால்டனில் பட்டை வரும் என்று பார்த்தால், 66-இல் கன்னங்கரேலென்று ஒன்று. 100-க்கு மேலே மங்கலாக, அகலமாக இன்னொன்று. பிளேட்டில் பூசி, பிடிஎன்எஃப் ஒட்டினால் நிறம் காட்டும் எலைசா சோதனை செய்தேன், இரண்டு முறையும் கிணறுகள் வெள்ளையாகவே இருந்தன. வெயிலில் உடைந்துவிட்டதா? இன்னொன்று வாங்கப் பணம் இல்லை. தயவுசெய்து உதவுங்கள்.

ஜெல் அண்ணா
தங்கச்சி, பதறாதீங்க. உலர்த்திய பொடி ஓரிரு நாள் வெயிலைத் தாங்கும், சாதாரண வெப்பத்திலேயே அனுப்பும் புரதங்கள் நிறைய உண்டு. இரண்டு கேள்வி: குப்பியில் பொடி கண்ணுக்குத் தெரிந்ததா? மொத்தப் புரதத்தை அளக்கும் பிராட்ஃபோர்டு சோதனையில் எவ்வளவு வந்தது?

நிலாவெளி மாணவி
பஞ்சு மாதிரி வெள்ளையாக நன்றாகவே தெரிந்தது அண்ணா. பிராட்ஃபோர்டில் மில்லிலீட்டருக்கு 5.1 மில்லிகிராம். அதை வைத்துத்தான் மில்லிலீட்டருக்கு 1 மைக்ரோகிராம் வரும்படி ஐதாக்கிப் பூசினேன்.

ஜெல் அண்ணா
அங்கேதான் விஷயம். 50 மைக்ரோகிராம் மட்டும் இருந்தால் பொடி கண்ணில் படுவதே கஷ்டம். மில்லிலீட்டருக்கு 0.1 மில்லிகிராம் வர வேண்டிய இடத்தில் 5.1 வந்திருக்கிறது. மிச்சம் 5-ம் பிஎஸ்ஏ, மாட்டு அல்புமின். சிறிதளவு புரதம் குப்பிச் சுவரில் ஒட்டி வீணாகாமல் இருக்க, 1 பங்குக்கு 50 பங்கு சேர்த்துத்தான் உலர்த்துவார்கள். லேபிளில் ‘கேரியர்’ என்று பொடி எழுத்தில் இருக்கும், பாருங்கள். 66-இல் நிற்பது அதுதான்.

மேலே மங்கலாகத் தெரிவதுதான் உங்கள் ட்ராக்-பி. 71 என்பது அமினோ அமிலங்களை மட்டும் கூட்டிய கணக்கு. செல்லுக்குள் செய்யும்போது சர்க்கரைச் சங்கிலிகள் ஏறுகின்றன. எல்லா மூலக்கூறிலும் ஒரே அளவாக ஏறுவதில்லை. அதனால்தான் உயரத்தில், அகன்ற பட்டையாக வருகிறது.

இப்போது எலைசா. மொத்தப் புரதத்தை வைத்து ஐதாக்கியதால் ட்ராக்-பி 1 மைக்ரோகிராம் இல்லை, சுமார் 20 நானோகிராம்தான். அதுவும் பிளேட்டில் இடம் பிடிக்க 50 மடங்கு பிஎஸ்ஏயோடு போட்டி போட வேண்டும். பிளேட் முழுக்க அல்புமின் உட்கார்ந்த பிறகு பிடிஎன்எஃப் எதைப் பிடிக்கும்?

நிலாவெளி மாணவி
லேபிளில் இருக்கிறது அண்ணா. இத்தனை நாள் அதை நான் வாசிக்கவே இல்லை. பிஎஸ்ஏயைப் பிரித்தெடுக்க முடியுமா?

பிளேட் அக்கா
பிரிக்கப் போகாதே தங்கச்சி, இருக்கிற கொஞ்சமும் போய்விடும். உன் புரதத்துக்கு எஃப்சி வால் இருக்கிறதே, அதைப் பிடித்து இழு. முதலில் மனித எஃப்சிக்கு எதிரான ஆன்டிபாடியைப் பூசி, இரவு முழுக்க 4 பாகையில் வை. கழுவி, மிச்ச இடத்தை பிஎஸ்ஏயால் அடைத்து, அப்புறம் ட்ராக்-பியை விடு. லேபிள் கணக்குப்படி 100 மடங்கு ஐதாக்கினால் 1 மைக்ரோகிராம் சரியாக வரும். கூட வந்த பிஎஸ்ஏ கழுவும்போது போய்விடும்.

ஆன்டிபாடிகளின் எஃப்சி வாலைப் பிடிக்கும் புரோட்டீன்-ஏ பூசிய பிளேட் கையில் இருந்தாலும் வேண்டாம். பிடிஎன்எஃப்பைக் காட்டும் ஆன்டிபாடியையும் அதுவே பிடித்து எல்லாக் கிணற்றையும் மஞ்சளாக்கிவிடும். பிடிஎன்எஃப் காரத்தன்மை கூடிய புரதம், பிளாஸ்டிக்கில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அதனால் 0.1 சதவீத பிஎஸ்ஏயில்தான் ஐதாக்க வேண்டும். ட்ராக்-பி விடாத கிணறுகள் மூன்றையாவது பக்கத்தில் வை, சாறு இல்லாத கிணறுகளும் வேண்டும். கழுவும் கரைசலில் கெடாமல் காக்கச் சேர்க்கும் சோடியம் அசைடு இருந்தால், நிறம் தரும் எச்ஆர்பி நொதி செத்துப்போகும், அதையும் பார்.

மிச்சக் கரைசலை 10 மைக்ரோலீட்டராகப் பிரித்து உறைய வை. தானாகப் பனி நீக்கும் வீட்டு ஃப்ரீசரில் வைக்காதே, வெப்பம் ஏறி இறங்கிக் கெடும்.

நிலாவெளி மாணவி
அக்கா, அண்ணா, நேற்று செய்தேன். எங்கள் ஃப்ரீசரில் பனி நாங்களே சுரண்டுவதுதான், அதனால் பயமில்லை. நிறம் தரும் டிஎம்பி கரைசலை விட்டுப் பத்து நிமிடத்தில் நீலம் ஏறியது, அமிலம் விட்டதும் மஞ்சள். பிடிஎன்எஃப் கூடக் கூட நிறமும் கூடியது. 450 நானோமீட்டர் ஒளியில் வாசித்தபோது, பிடிஎன்எஃப் அதிகம் விட்ட கிணறு 1.4, ட்ராக்-பி இல்லாதது 0.09. பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். மிச்சம் 38 குழாய் இருக்கிறது. திங்கள் வல்லாரைச் சாறு விடுகிறேன். சாற்றின் பச்சை நிறம் 450 வாசிப்பைக் குழப்புமா?

பிளேட் அக்கா
டிஎம்பிக்கு முன் நன்றாகக் கழுவுகிறாய்தானே, நிறம் போய்விடும். சந்தேகத்துக்குச் சாறு மட்டும் விட்ட கிணறு ஒன்று வை.