நெக்ஸ்ட்கிளவுட் டாக்கரில்: காம்போஸில் டொமைன் சேர்த்தும் உள்ளே விடவில்லையா?

நெக்ஸ்ட்கிளவுட் என்பது ஃபைல்களை நம் சொந்த சர்வரில் வைக்க உதவும் மென்பொருள். டாக்கர் அதைக் கன்டெய்னர் என்ற தனிப்பெட்டியில் ஓட்டும். டிரஸ்டட் டொமைன்ஸ் என்ற அனுமதிப் பட்டியலில் இல்லாத பெயரில் திறந்தால், நெக்ஸ்ட்கிளவுட் உள்ளே விடாமல் எச்சரிக்கைப் பக்கம் காட்டும். கன்டெய்னரின் அமைப்புகளை எழுதும் காம்போஸ் ஃபைலில் டிரஸ்டட் டொமைன்ஸ் வேரியபிளில் புது டொமைனைச் சேர்த்து, கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்தாலும் அதே பக்கம்தான் வரும். வெறும் ரீஸ்டார்ட்டில் கன்டெய்னர் பழைய மதிப்புகளோடுதான் எழும். காம்போஸின் ‘அப்’ கட்டளை கொடுத்துப் புதிதாக உருவாக்க வேண்டும். உருவாக்கினாலும் போதாது. அதிகாரபூர்வ இமேஜ் (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) இந்த வேரியபிளை முதல் நிறுவலில் மட்டும் படித்து, வால்யூமில் (கன்டெய்னர் போனாலும் தங்கும் சேமிப்பிடம்) உள்ள கான்ஃபிக் டாட் பிஎச்பி-யில் எழுதிவைக்கும். பிறகு அந்த ஃபைல் சொல்வதுதான் செல்லும். மறுபடி நிறுவலாம் என்று வால்யூமை அழித்துவிடாதீர்கள்! பயனர்களின் ஃபைல்களும் வழக்கமாக அங்கேதான் இருக்கும்.

*

சரியான வழி, நெக்ஸ்ட்கிளவுடின் நிர்வாகக் கருவியான ஓசிசி கட்டளை. முதலில் ‘கான்ஃபிக்:சிஸ்டம்:கெட்’ கொடுத்து இப்போதைய பட்டியலைப் பாருங்கள். எண்ணிக்கை 0-இல் தொடங்கும். இரண்டு வரி இருந்தால் அடுத்த இடம் 2. அங்கே 1 என்று கொடுத்தால் ஏற்கெனவே இருந்த டொமைன் சத்தமில்லாமல் போய்விடும். மதிப்பை எழுதும் ‘கான்ஃபிக்:சிஸ்டம்:செட்’ கட்டளையை ரூட்டாக (முழு அதிகாரப் பயனராக) ஓட்டினால் மறுத்துவிடும், வெப் சர்வரின் பயனராக ஓட்டுங்கள். டெபியன் இமேஜில் அதன் எண் 33, ஆல்பைனில் 82.

மதிப்பில் ஹோஸ்ட் பெயர் மட்டும் போதும். முன்னால் எச்டிடிபிஎஸ் வேண்டாம், கடைசியில் சாய்கோடும் வேண்டாம். போர்ட் எழுதாவிட்டால் எந்த போர்ட்டிலும் திறக்கும். 8080 என்று சேர்த்து எழுதினால் அந்த ஒன்றில் மட்டும்தான். 192.168.1.* என்று நட்சத்திரக் குறியும் போடலாம். வெறும் நட்சத்திரம் மட்டும் போடுவது பூட்டைக் கழற்றி வைப்பதற்குச் சமம்: போலி ஹோஸ்ட் ஹெடர் (எந்தத் தளத்தைக் கேட்கிறோம் என்று சர்வருக்குச் சொல்லும் வரி) அனுப்பி, பாஸ்வேர்ட் மாற்றும் மின்னஞ்சலில் வேறு தளத்தின் லிங்க்கை நுழைக்க விடாமல் தடுப்பது இந்தப் பட்டியல்தான்.

*

பட்டியல் சரியாக இருந்தும் தடுத்தால், பிரவுசரின் கோரிக்கையை வாங்கி நெக்ஸ்ட்கிளவுடுக்கு அனுப்பும், நடுவில் இருக்கும் ப்ராக்ஸியைப் பாருங்கள். என்ஜின்எக்ஸ் என்ற ப்ராக்ஸி இயல்பாக, பிரவுசர் கேட்ட பெயரை அனுப்பாமல் பின்னால் உள்ள சர்வரின் பெயரையே ஹோஸ்ட் ஹெடரில் அனுப்பும். அந்தப் பெயரைப் பட்டியலில் சேர்த்தால் பக்கம் திறக்கும்தான், ஆனால் லிங்க்குகள் எல்லாம் வெளியே திறக்காத முகவரியில் உருவாகும். ஹெடரைத்தான் திருத்த வேண்டும். லிங்க்குகளில் எச்டிடிபிஎஸ் வரவைக்கும் ஓவர்ரைட் புரோட்டகால், எந்த ப்ராக்ஸியை நம்பலாம் என்று சொல்லும் டிரஸ்டட் ப்ராக்ஸிஸ் இரண்டும் வேறு ரகம். அவற்றை வேரியபிளிலிருந்து ஒவ்வொரு முறையும் படிப்பதால், கன்டெய்னரைப் புதிதாக உருவாக்கினாலே போதும்.

*

ஆவணங்களைத் திருத்த உதவும் ஆபீஸ் கன்டெய்னர், காம்போஸ் ஃபைலில் உள்ள சர்வீஸ் பெயரால் நெக்ஸ்ட்கிளவுடை அழைத்து 400 என்ற பிழையை வாங்கினால், அந்தச் சர்வீஸ் பெயரையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

சோதிக்கும்போது கவனம்: லோக்கல்ஹோஸ்ட் (இயந்திரம் தன்னைத்தானே அழைக்கும் பெயர்) எப்போதும் அனுமதிக்கப்படும், எனவே கன்டெய்னருக்குள்ளிருந்து அந்தப் பெயரில் கேட்டு ‘சரி’ என்று வருவதை நம்ப வேண்டாம். இணைய முகவரியைக் கேட்டுப் பதிலைக் காட்டும் கர்ல் கட்டளையில் ஹோஸ்ட் ஹெடராக உங்கள் டொமைனைக் கொடுத்து ஸ்டேட்டஸ் டாட் பிஎச்பி-யைக் கேளுங்கள். டொமைன் பிழை, கோடு 15 என்று வந்தால் பட்டியலில் அந்தப் பெயர் இன்னும் ஏறவில்லை.