லென்ஸுக்குள் பூஞ்சணம்: கொழும்பில் யாரிடம் கொடுக்கலாம்?

வணக்கம். என் கேனன் 55-250 எஸ்டிஎம் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்துவிட்டது. டோர்ச் அடித்துப் பார்த்தால் உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய நூல்கள் தெரிகின்றன.

வீடு வெள்ளவத்தையில், கடலுக்கு மிகக் கிட்ட. லென்ஸ் 2019இல் வாங்கியது. மே மாதம் மழை தொடங்கியதும் பையோடு அலுமாரியில் வைத்ததுதான், மூன்று மாதம் தொடவேயில்லை (தோல் பை வேறு, ஈரத்தை நன்றாகப் பிடித்து வைத்திருக்கும்!). போன கிழமை அப்பாவோடு பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போனபோதுதான் கண்டுபிடித்தேன். வெயிலுக்கு எதிரே எடுத்த படங்கள் எல்லாம் பால் ஊற்றியதுபோல் வெளிறிப் போயிருந்தன. கொக்கு போனால் போகட்டும், அப்பா சிரித்துக்கொண்டு நின்ற ஒரேயொரு படமும் அப்படித்தான்.

வெளிக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன், மாற்றமில்லை. கேமராவுக்குள் இருக்கும் சென்சரில்தான் அழுக்கோ என்ற சந்தேகத்தில், என் மற்ற லென்ஸான 18-55ஐப் பூட்டி, எஃப்22இல் (ஒளி புகும் துவாரத்தை மிகச் சிறிதாக்கி) வெள்ளைச் சுவரை எடுத்தேன்; படம் சுத்தம். பிறகு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் லென்ஸைச் சில நாள் வைத்தேன். அது பூஞ்சணம் மேலும் பரவாமல் தடுக்குமே தவிர, இருப்பதை அகற்றாது என்று அப்புறம்தான் விளங்கியது. புறக்கோட்டையில் ஒரு கடையில் கேட்டேன். திறந்தால் ஃபோகஸுக்கு உத்தரவாதமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். நானே திறக்கத் துணிவில்லை.

கொழும்பில் இந்த மாதிரி லென்ஸைத் திறந்து சுத்தம் செய்து, உங்களுக்கே சரியாகத் திருப்பித் தந்த ஆள் யாராவது இருக்கிறாரா?