நாயோடு மலைச்சாலையில் ஓடியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துத் தாப்பா பக்கத்துத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். தாப்பாவிலிருந்து பழைய சாலையில் கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா வரை, ஏறக்குறைய 60 கிலோமீட்டர், என் கறுப்பியோடு ஓடவேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. நாட்டு நாய், 4 வயது, 17 கிலோ. செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குள் மண்பாதையில் 20 கிலோமீட்டர் சிரமமில்லாமல் வருகிறாள்.

பயம் வெயில்தான். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதுவும் சரியாக நடக்காது. போன ஞாயிறு லாத்தா இஸ்கண்டார் அருவிக்கு முந்தைய ஏற்றத்தில் நாக்கு பக்கவாட்டில் தொங்க, தார் ரோட்டை விட்டுப் புல்லுக்கே இழுத்தாள். பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அன்றிலிருந்து ஓட்டமே இல்லை.

விடியற்காலை 3 மணிக்குக் கிளம்பினால் போதுமா, இல்லை இரண்டு நாளாகப் பிரிக்கலாமா? நாய்க்குக் காலுறை மாட்டிப் பழக்கியவர்கள் உண்டா? எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை தண்ணீர் கொடுத்தீர்கள்? ஈப்போ பக்கம் நல்ல கால்நடை மருத்துவர் தெரிந்தாலும் சொல்லுங்கள், முதலில் காட்டிவிடுகிறேன். அப்புறம், வழியெல்லாம் அண்ணன் காரோடு வருவார். அவள் களைத்தால் அங்கேயே ஏற்றிவிடுவேன்.