நவம்பர் பாலில் செடார் கட்டி இறுகவில்லை: காரணம் என்ன?

கேள்வி

அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில், மேய்ச்சல் பசுக்களின் பாலைக் கொண்டு செடார் பாலாடைக்கட்டி செய்யும் சிறிய ஆலையில் பணிபுரிகிறேன். மே மாதத்தில் ரென்னட் (பாலை உறையவைக்கும் நொதி) சேர்த்த 40 நிமிடங்களில் வெட்டும் பதத்துக்கு வந்த பால், இப்போது ஒரு மணி நேரம் கழிந்தும் குழைவாகவே நிற்கிறது. வெட்டினால் கட்டி நொறுங்குகிறது. பிரியும் தெளிநீர் வெண்மையாகக் கலங்கி, கொழுப்பையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஈரப்பதம் 39 சதவீத வரம்பைத் தாண்டுகிறது. ஆனால் ஆய்வறிக்கையில் புரதமும் கொழுப்பும் மே மாதத்தைவிடக் கூடுதலாகவே உள்ளன. புல்லின் தரம் மாறியதுதான் காரணமா?

பதில் 1

புல்லின்மீது பழி போடுவதற்கு முன் கன்று ஈன்ற காலத்தைப் பாருங்கள். புல் வளர்ச்சியோடு கறவை பொருந்த வேண்டும் என்பதற்காக அங்கே பெரும்பாலான பசுக்கள் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ஈனுகின்றன. எனவே நவம்பரில் மந்தை முழுவதும் ஒரே நேரத்தில் கறவை வற்றும் கட்டத்துக்கு வந்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் ஈனும் மந்தையாக இருந்தால், புதிதாக ஈன்றவற்றின் பால் கலந்து இந்தக் குறை வெளியே தெரியாது.

கறவையின் இறுதியில் இரத்தத்திலிருந்து பிளாஸ்மின் என்னும் நொதி பாலில் கூடுதலாகக் கசிந்து, கட்டியாக இறுகும் பால் புரதமான கேசீனை மடியிலேயே சிதைக்கத் தொடங்குகிறது. சிதைந்த துண்டுகளும் அறிக்கையில் புரதமாகவே கணக்கிடப்படும், ஆனால் அவை கட்டியில் தங்காமல் தெளிநீரோடு போய்விடும். புல்லின் பங்கு வெண்ணெயில்தான் பளிச்சென்று தெரியும்: கோடையில் மஞ்சளாகவும் மென்மையாகவும் இருக்கும். உங்கள் பாலின் லாக்டோஸ் (பால் சர்க்கரை), பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) அளவுகள் என்ன?

கேட்டவர்

லாக்டோஸ் 4.1 சதவீதம், பி.எச். 6.8. ரென்னட்டின் அளவைக் கூட்டலாமா?

பதில் 2

கூட்ட வேண்டாம். கட்டியில் எஞ்சும் ரென்னட், முதிரும்போது கசப்பை உண்டாக்கும். பி.எச். உயர்ந்திருப்பதுதான் ரென்னட்டின் வேகத்தைக் குறைக்கிறது. ஆகவே பாலைப் புளிக்கவைக்கும் உறைநுண்ணுயிர் சேர்த்தபின் சற்றுக் கூடுதல் நேரம் காத்திருந்து, 6.6 அளவுக்கு இறங்கிய பிறகு ரென்னட் ஊற்றுங்கள். 100 லிட்டருக்கு 20 கிராம் கால்சியம் குளோரைடு சேர்ப்பதும் உதவும். கடிகாரத்தைப் பார்த்து வெட்டாமல் கட்டியின் உறுதியைப் பார்த்து வெட்டுங்கள். கொழுப்பைச் சரிசெய்யும்போது மொத்தப் புரதத்தைக் கணக்கில் கொள்ளாமல், கேசீன் 0.7 பங்குக்குக் கொழுப்பு 1 பங்கு என்ற விகிதத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 1

இவை இறுகும் நேரத்தைச் சரிசெய்யும். ஏற்கெனவே சிதைந்த கேசீனை மீட்டுத் தராது. பாஸ்டர் முறையில் சூடாக்கினாலும் பிளாஸ்மின் அழிவதில்லை, அதை அடக்கிவைக்கும் பொருள்கள் முதலில் செயலிழப்பதால் அதன் வேலை கூடவும் செய்யும். ஆகவே தீர்வு பண்ணையில்தான் இருக்கிறது. நாளொன்றுக்கு 8 அல்லது 9 லிட்டருக்குக் கீழே இறங்கிய பசுக்களை வற்றச் செய்யவும், மற்றவற்றுக்கு அடர்தீவனம் கொடுக்கவும், மடிநோய் உள்ளவற்றின் பாலைத் தனியே ஒதுக்கவும் விவசாயிகளிடம் கேளுங்கள். லாக்டோஸ் 4.2 சதவீதத்துக்குக் கீழே போகும் பாலை, பண்ணைவாரியாகச் சோதித்துப் பாலாடைக்கட்டிக்கு எடுக்காமல் விடுவது நல்லது. சில பண்ணைகளின் பால்தான் முழுத் தொட்டியையும் கெடுக்கிறது என்று தெரியவரக்கூடும்.

கேட்டவர்

பண்ணைவாரியான மாதிரிகளை இவ்வாரமே எடுக்கிறேன். அதுவரை இப்போதைய பாலை நீண்ட காலம் முதிரவைக்கும் செடாருக்குப் பயன்படுத்தாமல், விரைவில் விற்கும் இளம் கட்டியாகச் செய்ய முடிவு செய்திருக்கிறோம்.