கல்லூரி நிதியுதவி: நல்ல இணையவழி ஆலோசனை அமர்வு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் என் மகளுக்காக 2026-27 கல்வியாண்டின் ஃபாஃப்சா (FAFSA) எனும், அமெரிக்க அரசின் கல்லூரி நிதியுதவிக்கான விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறோம். அது 2024ஆம் ஆண்டு வரிக்கணக்கைத்தான் எடுத்துக்கொள்கிறது. அப்போது நாங்கள் இருவரும் சம்பாதித்தோம். இப்போது கணவருக்கு வேலை இல்லை. பழைய வருமானத்தை வைத்துக் கணக்கிட்டால், வசதியான குடும்பம் என்றுதான் தெரியும். மகளோ இப்போதே தனக்குப் பிடித்த கல்லூரிகளைப் பட்டியலிலிருந்து அடித்துக்கொண்டிருக்கிறாள். அதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை.

வருமானம் குறைந்ததற்குச் சான்று காட்டி, கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் மறுபரிசீலனை கேட்கலாம். முடிவு அந்தந்தக் கல்லூரியின் கையில். இதற்கான கடிதத்தை எப்படி எழுதுவது? பணிநீக்கக் கடிதத்தோடு வேறு என்ன இணைப்பது? கல்லூரியில் இடம் கிடைக்கும் முன்பே கேட்கலாமா? சில தனியார் கல்லூரிகள் சிஎஸ்எஸ் புரொஃபைல் (CSS Profile) எனும் இன்னொரு நிதியுதவி விண்ணப்பத்தையும் கேட்கின்றன. அதில் வீட்டின் மதிப்பு வரை கேள்விகள்.

நூறு பேர் கூடும் பொது அமர்வுகளில் இவற்றுக்கெல்லாம் நேரம் கிடைப்பதில்லை. திரையைப் பகிர்ந்து, எங்கள் விண்ணப்பத்தைப் பார்த்தபடி தனியாகப் பேசும் ஆலோசகர் வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்காக அப்படி யாரிடமாவது பேசியிருக்கிறீர்களா? பள்ளி வழியாகவா, கல்லூரி வழியாகவா, தொண்டு நிறுவனம் வழியாகவா? ஃபாஃப்சா இலவச விண்ணப்பம் என்பதால், அதை நிரப்பித் தரவே பணம் கேட்பவர்கள் வேண்டாம். வார நாட்களில் மாலையில் பேச முடிந்தால் கணவரும் உடன் இருப்பார்.