மீட்ட வாத்தின் பாதப்புண்ணுக்கும் இரவுப் பாதுகாப்புக்கும் உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன், தேரூர் குளக்கரையில் தூண்டில் நரம்பு இடது காலில் இறுகச் சுற்றி நடக்க முடியாமல் கிடந்த வெள்ளை வீட்டு வாத்து ஒன்றை எடுத்து வந்து வளர்த்து வருகிறோம். அக்கம்பக்கத்தில் விசாரித்தும் யாரும் உரிமை கோரவில்லை. உரத்த குரலில் கத்துவதால் பெட்டை என்றே நினைக்கிறேன்.

நரம்பு அறுத்த இடம் ஆறிவிட்டது; ஆனால் பாதத்தின் அடியில் மிளகளவு கறுத்த பொருக்கு ஒன்று இருக்கிறது, காலை ஊன்றும்போது நொண்டுகிறது. ஈரத்தரையிலும் சொரசொரப்பான சிமெண்டிலும் நின்றால் இப்புண் முற்றும் என்பதால், வைக்கோல் விரித்து நாள்தோறும் மாற்றுகிறேன். கண்ணையும் மூக்குத் துளையையும் கழுவிக்கொள்ளத் தலை முங்கும் ஆழத்தில் தண்ணீரும் வைக்கிறேன். நாகர்கோவில் பக்கம் பறவைகளுக்கு நன்றாகச் சிகிச்சை அளிக்கும் கால்நடை மருத்துவர் இருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள்.

இன்னொரு கவலை கீரி. முந்தாநாள் காலையில் கூட்டின் அடியில் மண் பறிக்கப்பட்டு, கோழிவலை ஓரிடத்தில் வளைந்திருந்தது. வாத்து மூலையில் ஒடுங்கி நின்றது. அன்றிலிருந்து இரவில் அதைச் சமையலறையில்தான் வைத்திருக்கிறோம். அரை அங்குலக் கண்ணியுள்ள கம்பிவலையை மண்ணுக்குள் எவ்வளவு ஆழம் இறக்க வேண்டும் என்பதை, வாத்து வளர்த்த அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். வாத்தைக் குளத்தில் விட்டுவிடுங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். பறந்து தப்ப இயலாத பறவையை நாய்களிடம் விட எனக்கு மனமில்லை.